இலையைத் திருப்பிப் பாருங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவையொட்டி நடந்த தொழில் பயிற்சி அமர்வில், நாற்றங்கால் நடத்தும் குழுக்களுக்காகச் சமுதாய வளப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "அழகு மரங்களில் வரும் இலைப் பிரச்சினையும் அதற்கான வைத்தியமும்". தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு அக்கா, "நெல்லுக்கு நோய் வந்தா கவலைப்படலாம், அழகு மரத்துக்கு வந்தா நமக்கென்ன?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கும், கோயிலுக்கும், சாலை ஓரத்துக்கும், புது மனைகளுக்கும் கன்று கொடுக்கும் வேலையை இன்று நம் குழுக்கள் பல செய்கின்றன. வேம்பு, புங்கன், பூவரசு, சரக்கொன்றை, மகிழம், நெட்டிலிங்கம், செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் நம் கையால் வளர்ந்து போகிறது. ஒரு குழு ஆயிரம் பை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண், எரு, பை, விதை, கூலி எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 10 ரூபாய் அடக்கம் என்றால் 10,000 ரூபாய் அந்தத் தரையில் நிற்கிறது. அது பெரும்பாலும் கடன் பணம். வாங்க வருகிறவர் வேரையா பார்க்கிறார்? இலையைத்தான் பார்க்கிறார். இலையில் ஓட்டையோ, மஞ்சளோ, கறுப்போ இருந்தால், "பிறகு வந்து எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். ஆனால் தவணை தேதி திரும்பிப் போகாது. அதனால்தான் அழகு மரத்தின் இலை நமக்கு முக்கியம்.

இன்னொரு காரணமும் உண்டு. இலையில் ஏதாவது தெரிந்தவுடன் நாம் நேராக மருந்துக் கடைக்குப் போய்விடுகிறோம். "செடி வாடுதுங்க, ஏதாச்சும் குடுங்க" என்கிறோம். ஏதாச்சும் கேட்டால் ஏதாச்சும்தான் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்கு ஒரு கடையில் மூன்று பாட்டிலைக் கொடுத்து, மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் அடித்தார்கள். இரண்டே நாளில் செம்பருத்திக் கன்று முழுவதும் கருகிப்போனது. அந்தச் செடிக்கு முதலில் வந்திருந்தது பூச்சியே இல்லை; தண்ணீர் தேங்கி வேர் அழுகியதால் வந்த வாட்டம். பைக்கு அடியில் ஓட்டை போட்டிருந்தால் போதும்.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மருந்து வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்க. என்ன நோய் என்று தெரிந்தால் பாதிக்கு மேல் மருந்தே தேவைப்படாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் என்ன செய்கிறார்? "எப்போதிருந்து? எங்கே வலி?" என்று கேட்கிறார். செடி பேசாது. அதனால் நாமே கேட்டு நாமே பதில் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: கெட்டிருப்பது கொழுந்து இலையா, அடியில் இருக்கும் பழைய இலையா?

இரண்டாவது: பிரச்சினை இலைக்கு மேலேயா, அடிப்பக்கமா? பூச்சி பெரும்பாலும் வெயில் படாத அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும்.

மூன்றாவது: ஒரு செடிக்கா, ஒரே இனத்துச் செடிகளுக்கா, நாற்றங்காலில் எல்லாச் செடிக்குமா? பல இனத்துக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி வந்தால் அது பெரும்பாலும் பூச்சியாக இருக்காது. தண்ணீர், வெயில், மண், அல்லது நாம் அடித்த மருந்து இவற்றில் ஒன்றாக இருக்கும்.

நான்காவது: தொட்டால் எப்படி இருக்கிறது? பிசுபிசுக்கிறதா, பொடி கையில் ஒட்டுகிறதா, சொரசொரப்பாக முடிச்சு இருக்கிறதா?

வாரக் கூட்டத்தை எப்படித் தவறவிட மாட்டோமோ, அதே மாதிரி வாரத்தில் ஒரு நாள் காலை, வெயில் ஏறும் முன், வரிசைக்கு நான்கு செடியைத் தூக்கி இலையைத் திருப்பிப் பார்க்கும் வேலையை முறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பைசா செலவு கிடையாது.

பசியும் தாகமும்

மஞ்சள் இலை என்றாலே நோய் என்று நினைக்க வேண்டாம். அடியில் இருக்கும் பழைய இலை சீராக வெளுத்து மஞ்சளாகி, செடியும் வளராமல் நின்றால் அது தழைச்சத்துப் பசி. மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு கைப்பிடி போட்டு, மேல்மண்ணைக் கிளறிவிட்டால் சரியாகும்.

கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்ட மாதிரி தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. இட்லிப்பூச் செடியில் இதை நிறையப் பார்க்கலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. சுண்ணாம்பு அதிகமான மண்ணிலும், வீடு கட்டிய சிமெண்ட் காரை கலந்த மண்ணிலும் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. சோறு பூட்டிய அறைக்குள் இருக்கிற மாதிரி. இதற்கு அன்னபேதி உப்பு 5 கிராமும், எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் 1 கிராமும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாலை நேரத்தில் இலையில் தெளிக்கலாம். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அன்னபேதி இளம்பச்சையாக இருக்க வேண்டும்; பழுப்பாக மாறியது பயன்படாது. சிமெண்ட் தரையில் பட்டால் கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள். அடுத்த முறை பைக்கு மண் எடுக்கும்போது காரை மண்ணைத் தவிர்ப்பதுதான் நிரந்தர வைத்தியம்.

இலை ஓரம் மட்டும் தீய்ந்த மாதிரி பழுப்பானால் தண்ணீர் போதவில்லை, அல்லது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்று அர்த்தம். இலை மெத்தென்று மஞ்சளாகி உதிர்ந்து, மண்ணை முகர்ந்தால் நாற்றம் அடித்தால் தண்ணீர் கூடிவிட்டது. வாட்டத்தைப் பார்த்தவுடன் குடத்தைத் தூக்காதீர்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாடினால் கோளாறு வேரில் இருக்கிறது.

நிழல்வலையில் இருந்த கன்றை ஒரே நாளில் வெயிலில் தூக்கி வைத்தால் மேல் இலையில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டு விழும். அது வெயில் சுட்ட புண். விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். அதே மாதிரி பைகளை மாதம் ஒரு தரம் இடம் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வேர் பையைத் தாண்டித் தரைக்குள் போய்விடும். வண்டி வந்து நிற்கும்போது பிடுங்கினால் வேர் அறுந்து, ஏற்றின இரண்டாம் நாள் இலையெல்லாம் கொட்டிவிடும். வாங்கினவர், "நோய்க் கன்றைக் கொடுத்துட்டாங்க" என்பார். கெட்டுப்போவது குழுவின் பெயர்.

கடித்த இலை

இலையில் ஓட்டை, ஓரம் கடித்தது, இலையே காணோம் என்றால் புழு அல்லது வண்டு. இங்கேயும் அவசரம் வேண்டாம்.

சரக்கொன்றையின் தளிர் இலையைத் தின்னும் பச்சைப் புழு, மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில் பறக்கிறதே, அந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. பெரிய மரம் என்றால் விட்டுவிடலாம், மறுபடியும் துளிர்த்துவிடும். நெட்டிலிங்கத்தின் இலையைத் தின்பதும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுதான். நந்தியாவட்டை, அரளியில் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப் புழு வரும். தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் போல புள்ளி, வால்பக்கம் ஒரு கொம்பு. பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் ஒன்றும் செய்யாது. இலை நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. தரையைப் பாருங்கள். மிளகு அளவுக்குக் கறுப்பு எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே புழு இருக்கிறது. குச்சியால் எடுத்துத் தூரத்தில் விட்டால் வேலை முடிந்தது. கன்று சிறியது, புழு நிறைய என்றால் மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு. அதன் செய்முறையைப் பின்னால் சொல்கிறேன்.

ரோஜா, காகிதப்பூ இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி அழகான வட்டம் வெட்டி இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. தின்பதற்கு இல்லை, கூடு கட்ட எடுத்துப் போகிறது. செடிக்குக் கெடுதல் இல்லை. இதற்கு மருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்கும் தேனீயைக் கொன்ற பாவம்தான் மிச்சம்.

பிசுபிசுப்பும் கறுப்பும்

இலையில் கரி பூசிய மாதிரி கறுப்புப் படலம் படிந்தால் நிறையப் பேர் அதைத்தான் நோய் என்று நினைக்கிறார்கள். அது கரும்பூஞ்சணம். மேலே உள்ள இலையின் அடியில் சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது. அது இனிப்பான கழிவைச் சொட்டுகிறது. அந்த இனிப்பின் மேல் பூஞ்சணம் வளர்கிறது. எறும்பு வரிசையாக ஏறுவதும் அந்த இனிப்புக்காகத்தான். எறும்பு அந்தப் பூச்சிகளை ஆடு மாடு மாதிரி காவல் காத்து, அவற்றைத் தின்ன வரும் நல்ல பூச்சியை விரட்டும். அதனால் முதலில் எறும்பின் வழியை அடையுங்கள். மரம் என்றால் அடிமரத்தில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவ வேண்டாம்.

செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. இதைப் பற்றி நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டுப் பூச்சி முதலில் கண்ணில் பட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, தேக்கு, செம்பருத்தி, ஈழத்தலரி என்று எல்லாவற்றிலும் ஏறியது. விவசாயிகள் மருந்து மாற்றி மருந்து அடித்தார்கள். மேலே மெழுகு மாவு மூடியிருப்பதால் மருந்து உள்ளே போகவில்லை. அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிதான் செத்தது. பிறகு 2010-இல் அந்தப் பூச்சியின் சொந்தப் பகுதியான அமெரிக்கக் கண்டப் பக்கம், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, அசிரோபேகஸ் என்ற கடுகை விடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து உள்ளிருந்தே அழித்தது. மருந்தால் முடியாததை அந்தக் குட்டிக் குளவி முடித்தது.

இதில் நமக்கு என்ன வேலை என்றால், நல்லதையும் கெட்டதையும் அடையாளம் தெரிந்துகொள்வது. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் உப்பிப் பழுப்பாகி, சின்ன ஓட்டையோடு காய்ந்த கூடுகள் இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அங்கே மருந்து அடிக்கக் கூடாது. இன்னொன்று: மாவுப்பூச்சியை விடப் பெரிதாக, வெள்ளை நூல் நூலாகத் தொங்கி, வேகமாக ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் அதைக் கொல்லாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சி மந்தமாக ஒட்டிக் கிடக்கும், இது ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தால் போதும்.

நல்ல பூச்சி இல்லாத இடத்தில், கொழுந்தைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மிச்சத்துக்குத் தண்ணீரை வேகமாக இலையின் அடியில் பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம்.

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது எல்லாருக்கும் தெரியும். அது தென்னையோடு நிற்காமல் அழகுப் பனை, கல்வாழை, கொய்யாவிலும் வருகிறது. இலை அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகுக் கோலம் தெரியும். இதற்கும் ஒட்டுண்ணிக் குளவி நம் ஊரிலேயே இருக்கிறது. அதனால் கடும் மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி நாற்றங்காலில் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டும். இலையில் படிந்த கறுப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கரும்பூஞ்சணம் தோலாக உரிந்து விழும். நம் அடுப்படியில் இருக்கும் பொருள்தான்.

முடிச்சு, புள்ளி, பொடி

புங்கன் இலையில் கொப்புளம் கொப்புளமாக, சில நேரம் சின்ன விரல் நீட்டிய மாதிரி முடிச்சு நிற்கும். "மரத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்று எங்கள் பக்கம் சொல்வாங்க. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன் உண்டாக்கும் முடிச்சு. பேன் முடிச்சுக்குள்ளே பத்திரமாக இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து எட்டாது. மரம் இதனால் சாகாது. பெரிய மரத்தை விட்டுவிடுங்கள். கன்றுகளில் மட்டும் முடிச்சு விழுந்த இலையை ஆரம்பத்திலேயே கிள்ளிக் கொளுத்திவிடுங்கள். முடிச்சு நிறைந்த மரத்தின் அடியிலேயே நாற்றங்கால் போடாதீர்கள்.

மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரிந்தால் பெரும்பாலும் பூஞ்சை. இலையில் ஈரம் நிற்பதால் வருகிறது. பைகளைக் காற்றோட்டமாக விலக்கி வையுங்கள். சாயங்காலம் இலை மேல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டு, காலையில் அடியில் ஊற்றுங்கள். புள்ளி இலையைக் கிள்ளி எடுங்கள். அப்படியும் பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம்.

திருநீறு பூசிய மாதிரி வெள்ளைப் பொடி இலை மேல் படர்ந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் கந்தகத்துக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும்.

கோயில் வாசலில் நிற்கும் ஈழத்தலரி மரத்தின் இலையைத் திருப்பினால் மஞ்சள்தூள் மாதிரி ஆரஞ்சுப் பொடி கையில் ஒட்டும். அது துரு நோய். கீழே விழும் இலையை அன்றன்றைக்குக் கூட்டி அப்புறப்படுத்தினாலே பாதி குறையும். மரத்தடியிலேயே குவித்து வைத்தால் நோயை நாமே வளர்ப்பதாகும்.

வேம்பு காய்ந்தால் கோடரி எடுக்காதீங்க

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களாக மழைக்காலம் முடியும் சமயத்தில் வேப்பமரத்தின் நுனிக் கிளையெல்லாம் தீயில் வாட்டிய மாதிரி பழுப்பாகக் காய்ந்து நிற்பதை ஊர் ஊராகப் பார்க்கிறோம். "வேம்பே பட்டுப்போச்சு, ஊருக்கு ஆகாது" என்று பயம் வேறு. அந்தப் பயத்தில் மரத்தை விறகுக்கு விலை பேசுபவர்களும் வந்துவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். தேயிலைக் கொசு என்று ஒரு நாவாய்ப்பூச்சி இருக்கிறது. பெயர்தான் கொசு, மனிதரைக் கடிக்காது. அது வேம்பின் இளந்தளிரில் சாற்றை உறிஞ்சும். கூடவே நுனிக்கருகல் என்னும் பூஞ்சையும் தாக்கும். மழை ஈரத்தில் இரண்டும் பெருகி, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும். ஆனால் பெரும்பாலான மரம் சாவதில்லை. வெயில் ஏறி மாசி, பங்குனி வந்ததும் மறுபடி துளிர்க்கிறது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: காய்ந்த பகுதிக்குக் கீழே பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. எட்டும் உயரத்தில் இருந்தால் காய்ந்த குச்சியை, பச்சை தெரியும் இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். உயரமான மரத்துக்கு யாரும் மருந்து அடிக்க வேண்டியதில்லை. அடித்தால் அது காற்றில் வந்து நம் மேலும் குடிதண்ணீர்த் தொட்டியிலும்தான் விழும். அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் போட்டிருந்தால் உடைத்துவிட்டு, ஒரு கூடை எருவும் தண்ணீரும் கொடுங்கள்.

நாற்றங்கால்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் பூஞ்சை விதை வழியாகவும் போகும். அதனால் கருகல் அதிகம் பார்த்த மரத்தின் வேப்பம்பழத்தைப் பொறுக்கி விதைக்காதீர்கள். நல்ல மரத்தை முன்கூட்டியே குறித்து வைத்து அதில் எடுங்கள்.

ஒரு வேம்பு நிழல் கொடுக்க எத்தனை வருடம் ஆகிறது! நூறு நாள் வேலையில் வெயிலில் நின்றவர்களுக்கு அந்த நிழலின் அருமை தெரியும். பங்குனி வரை பொறுத்துப் பார்க்காமல் எந்த வேம்பையும் வெட்ட விடக் கூடாது. கிராம சபையில் பெண்கள் எழுந்து இதைச் சொல்ல வேண்டும்.

நாமே செய்யும் மருந்து

வேப்பங்கொட்டைச் சாறு, 10 லிட்டருக்கு: நன்கு காய்ந்த வேப்பம்பருப்பு அரைக் கிலோ எடுத்து இடித்துத் தூளாக்குங்கள். 2 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் குச்சியால் பால் நிறம் வரும்வரை கலக்கி, துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்குங்கள். 20 கிராம் சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் இலையில் ஒட்டாது. அன்றே, மாலை நேரத்தில், இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் பழைய பருப்பு வேலை செய்யாது. ஆனி, ஆடியில் பழம் விழும்போதே பொறுக்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மற்றக் குழுக்களுக்கு விற்கலாம்.

போர்டோக் கலவை, 10 லிட்டருக்கு, பூஞ்சைக்கு: மயில்துத்தம் 100 கிராமை 5 லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும், நல்ல சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை 5 லிட்டரில் இன்னொரு வாளியிலும் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். இதையும் அன்றே தீர்த்துவிட வேண்டும். தகரம், இரும்புப் பாத்திரம் கூடாது.

எந்தக் கரைசலானாலும் முதலில் இரண்டு செடியில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு. சாதத்தில் ஒரு பருக்கை பதம் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி.

நம் உடம்பு முதலில்

கடை மருந்து வாங்கியே தீர வேண்டும் என்றால், பாட்டிலின் மேல் சாய்த்து வைத்த சதுரம் போல ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கடுத்து நீலம். பச்சை இருப்பதில் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் நிறம் பார்க்கலாம். பூச்செடிக்கு சிவப்பும் மஞ்சளும் நமக்கு வேண்டவே வேண்டாம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்து கலக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. மற்றவர்கள் முழுக்கைச் சட்டை, முகத்துக்குத் துணி, கைக்கு உறை போட்டு, காற்று போகும் திசையில் அடிக்க வேண்டும். வெற்றிலை போட்டுக்கொண்டு அடிக்காதீர்கள். மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிடும். செம்பருத்தி, அரளி சாமிக்கும் தலைக்கும் போகும் பூ. மருந்து அடித்த செடியில் பூப்பறிக்காமல் இருக்க ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள். எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். ரசீது இருந்தால்தான் நாளைக்குக் கேள்வி கேட்க முடியும்.

என்னவென்றே புரியவில்லை என்றால் கெட்ட இலையைக் கிளையோடு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். 1800-180-1551 என்ற விவசாயிகள் அழைப்பு மைய எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, இந்த அமர்வில் இருக்கும் குழுக்களிடம் மூன்று தீர்மானம் கேட்கிறேன். ஒன்று, நாற்றங்கால் குழு ஒவ்வொன்றும் ஒரு இலைப் பதிவேடு வைக்க வேண்டும். தேதி, எந்தச் செடி, என்ன தெரிந்தது, என்ன செய்தோம், எவ்வளவு செலவு, இவ்வளவுதான். இரண்டாவது, கூட்டமைப்பு வேப்பங்கொட்டையை மொத்தமாகச் சேகரித்து, குழுக்களுக்கு அடக்க விலையில் கொடுக்க வேண்டும். மூன்றாவது, இலையைக் காட்டாமல், பெயரைக் கேட்காமல் எந்தக் குழுவும் கடையில் மருந்து வாங்கக் கூடாது.

கணக்கு நோட்டைப் பார்த்தே குழுவில் பணம் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். மரம் தன் கணக்கை இலையில் எழுதி வைத்திருக்கிறது. அதையும் படித்துவிடுவோம்.

 இப்போது உங்கள் செடியில் இருந்து கொண்டுவந்த இலைகளை எடுத்து மேசை மேல் வையுங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.